பிடிபட்டவன் யாருடைய ஆள்?

குருநாகலிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ 6 வீதியில், தம்புள்ளைக்குச் சற்று முன்னால் வருகிற சந்தி நகரம் கலேவெல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததென்றாலும் மலைநாட்டின் குளிர் இங்கே கிடையாது. குளமும் வயலும் பெரிய வெங்காயச் செய்கையும் உள்ள உலர்வலயம். பக்கத்தில் தேவஹுவ குளமும் அதையொட்டிய குடியேற்றக் கிராமங்களும் இருக்கின்றன. யுத்த காலத்தில் கிழக்கே போன படை வாகனங்கள் இந்த வீதியால் போயின. இப்படியான கிராமங்களிலிருந்துதான் சாதாரணச் சிப்பாய்களும் போனார்கள். அதே வகை வீடுகளிலிருந்து, அதே வயதில், அரசைக் கவிழ்க்கப் போனவர்களும் உண்டு. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1968 நவம்பரில் பிறந்தது தேவஹுவவில்தான். அவருடைய மக்கள் விடுதலை முன்னணி இரண்டு தடவை ஆயுதம் தூக்கி இரண்டு தடவையும் நசுக்கப்பட்ட கட்சி. 2024 செப்டெம்பரில் அது வாக்குப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்தது.

சிப்பாயும் கிளர்ச்சிக்காரனும் ஒரே மண்ணிலிருந்து புறப்படும் நாட்டில், பிடிபட்டவனுக்கு என்ன நடக்கிறது என்பது ஒதுக்கிவிடக்கூடிய விடயமல்ல. எதிரியின் கையில் சிக்கியவன் எப்படி மாறுகிறான்? பாடம் நடத்தி மாற்றுகிறார்களா, அடித்து மாற்றுகிறார்களா, அல்லது அவன் மாறுவதேயில்லையா? ‘மூளைச்சலவை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவது நம்மிடையே வழக்கம். அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்வர்ட் ஹண்டர் 1950இல் பரப்பிய சொல் அது. கைதியின் தலைக்குள் என்ன ஏற்றினார்கள் என்பதை மட்டுமே அது கேட்கிறது. அவன் திரும்பிப் போவதற்கு வீடு இருந்ததா என்று கேட்பதில்லை. இந்தத் தீவில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், இரண்டாவது கேள்விதான் அதிகம் விளக்குகிறது என்பது என் எண்ணம்.

மாத்தளையிலிருந்தே தொடங்கலாம். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரண்டு படைகளை அனுப்பிக் கண்டி நகரைப் பிடித்தார்கள். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தான். முத்துசாமி என்ற இளவரசனுக்கு முடிசூட்டி, ஒரு காவற்படையையும் விட்டுவிட்டுப் பெரும்படை திரும்பியது. திருகோணமலைப் பாதையைக் காக்க மாத்தளையில் ஒரு கோட்டை எழுந்தது. அதற்குத் தளபதி மெக்டோவலின் பெயர். இன்று அதில் எஞ்சியிருப்பது நுழைவாயில் மட்டும். மாத்தளை மயானத்தின் வாயிலாக அது நிற்கிறது.

மழையும் காய்ச்சலும் கண்டிக் காவற்படையைத் தின்றன. யூன் 24ஆம் திகதி கண்டிப் படை தாக்கியபோது, எழுந்து நிற்கக்கூடிய வெள்ளைச் சிப்பாய்கள் மிகச் சொற்பம். மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக விடுவதாகச் சொன்னார்கள். ஆனால் வட்டாபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க ஓடம் கிடைக்கவில்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். அவனைக் கொன்றார்கள். பிறகு ஆயுதங்களைக் கீழே வைத்த ஐரோப்பியச் சிப்பாய்களையும் கொன்றார்கள். கழுத்தில் ஆழமான வெட்டுடன் பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் மட்டும் பிணங்களுக்கிடையிலிருந்து எழுந்து, ஆற்றைக் கடந்து, சாயும் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு மாத்தளைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். செய்தியைக் கேட்ட கப்டன் மாட்ஜ் கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். நடக்க முடியாத நோயாளிச் சிப்பாய்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளையர்களைக் கொன்ற கண்டியர்கள் மலாயச் சிப்பாய்களைத் தனியே பிரித்தார்கள். அவர்கள் முன்னால் வைத்தது ஒரே தெரிவு: அரசனின் சேவைக்கு வரலாம், வராவிட்டால் சாவு. பலர் போனார்கள். பாடமோ பிரசாரமோ நடக்கவில்லை. அரசன் முன் விழுந்து வணங்கினால் போதும்; மனதுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேலும், கண்டிப் படையில் ஏற்கெனவே மலாயர்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவன் சங்குங்லோ அந்தத் தாக்குதலிலேயே இறந்துபோனான். ஆங்கிலேயப் பக்கத்தில் இருந்த கப்டன் நூருதீனும் அவனும் சகோதரர்கள். டச்சுக்காரர் இலங்கைக்கு நாடுகடத்திய மக்காசர் பகுதியின் கோவா அரச குடும்பத்தின் வாரிசுகள் அவர்கள் என்பதை, இலங்கை மலாயர் வரலாற்றை எழுதிய பி.ஏ. ஹுசைன்மியா எடுத்துக்காட்டியிருக்கிறார். நூருதீனுக்குக் கண்டியில் சேர்வது அந்நியரிடம் போவதல்ல. மொழியும் மதமும் இரத்தமும் அங்கே இருந்தன.

அந்த நூருதீன்தான் மறுத்தார். அரசன் முன் தலைதாழ்த்தினார், விழுந்து வணங்கவில்லை. தானும் அரச குலத்தவன், இங்கிலாந்து மன்னனின் சேவகன் என்றார். சிறையில் வைத்து மீண்டும் கேட்டார்கள், மீண்டும் மறுத்தார். அவரையும் அவருடன் இருந்த இன்னொரு சகோதரரையும் கொன்று, உடல்களைப் புதைக்காமல் காட்டில் போட்டார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவன் கண்டிக்காகவும் மற்றவர்கள் ஆங்கிலேயருக்காகவும் அடுத்தடுத்துச் செத்தார்கள். ‘இந்த இனத்தான் இப்படித்தான் மாறுவான்’ என்று பேசுகிறவர்கள் இந்தக் குடும்பத்தை என்ன செய்வார்கள்?

மாறியவர்களில் ஒருவரின் பின்கதை தெரியும். ஊதீன் என்பவர் மலாயப் படையின் மேளக்காரர்களுக்குத் தலைவர். 1803இல் கண்டிச் சேவைக்குப் போனார், பன்னிரண்டு வருடம் அங்கேயே வாழ்ந்தார். 1815இல் கண்டி வீழ்ந்ததும் பழைய எசமானர்கள் அவரைப் பிடித்து இராசத்துரோக வழக்குப் போட்டார்கள். மரண தண்டனை விதித்துப் பிறகு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1816இல் மனைவி பிள்ளைகளோடு நியூ சவுத் வேல்ஸ் போய்ச் சேர்ந்தார். சில வருடங்கள் கழித்து, வட அவுஸ்திரேலியக் கரையில் மக்காசர் மீனவர்களோடு பேசுவதற்கு மலாய் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது, அதே ஆங்கில அரசு அவரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டது. துரோகம் மன்னிக்கப்பட்டதென்று இதற்கு அர்த்தமில்லை. ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மாத்தளைக் கோட்டையில் நோயாளிகளைக் கைவிட்டதும் இதே ஆங்கிலப் படைதான். மேஜர் டேவியை அது கடைசிவரை மீட்கவில்லை. 1812 அளவில் கண்டியில் கைதியாகவே அவர் இறந்தார். விசுவாசத்தை இவ்வளவு கறாராகக் கேட்டவர்கள், விசுவாசமாக இருந்தவர்களுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான்.

பாடம் நடத்துவது இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் சிங்கப்பூர். 1942 பெப்ரவரி 17ஆம் திகதி ஃபாரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் மட்டும் கூட்டப்பட்டார்கள். வெள்ளை அதிகாரிகளை வேறு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆங்கிலப் படையின் சார்பில் வந்த கர்னல் ஹண்ட் அவர்களை யப்பானியரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேஜர் ஃபுஜிவாராவும், ஏற்கெனவே மலாயாவில் பிடிபட்டு மாறியிருந்த கப்டன் மோகன் சிங்கும் அதன் பிறகுதான் பேசினார்கள். இந்திய தேசிய இராணுவம் அங்கேதான் உருவெடுத்தது. ஃபுஜிவாராவின் பேச்சுவன்மையையும் சுபாஷ் சந்திர போஸின் ஈர்ப்பையும் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. ஆனால் போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 யூலையில். அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முன்பே ஆயிரக்கணக்கானோர் மாறிவிட்டார்கள். தன்னை நம்பிப் போருக்கு வந்தவனை மாடு கைமாற்றுவது போலக் கைமாற்றிவிட்டுப் போன நிமிடத்தில்தான் பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதியை நாட்டுப்பற்றும், பசியும், யப்பானியக் கூலி முகாம்களின் பயமும் ஆளுக்கொரு விகிதத்தில் செய்தன. தேசபக்தி என்று மட்டும் சொல்வது போலவே சந்தர்ப்பவாதம் என்று மட்டும் சொல்வதும் சோம்பேறித்தனம்.

கொரிய யுத்தத்தில் பாடம் நடத்துவது ஒரு முறைமையாகவே ஆனது. சீன முகாம்களில் அமெரிக்கக் கைதிகளிடமிருந்து அதிகாரிகளைப் பிரித்தார்கள், கடிதங்களைத் தடுத்தார்கள், தினமும் பாடம் நடத்தினார்கள், குற்றத்தைத் தானே எழுதி வாசிக்க வைத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வீடு திரும்ப மறுத்த அமெரிக்கர்கள் 21 பேர். அவர்களிலும் பெரும்பாலானோர் பின்னாளில் திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்களை ஆராய்ந்த எட்கர் ஷைன் போன்றோர், கருத்து மாறியவர்கள் மிகக் குறைவு, தப்பிப் பிழைப்பதற்காக ஒத்துப்போனவர்களே அதிகம் என்று கண்டார்கள். மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. ஐ.நா. பக்கத்து முகாம்களில் இருந்த சீனக் கைதிகளில் சுமார் 14,000 பேர் சீனாவுக்குப் போக மறுத்துத் தாய்வானுக்குப் போனார்கள். அந்த முகாம்களுக்குள், தாய்வானை ஆண்ட கோமிந்தாங் கட்சியின் ஆதரவுக் கைதிகளின் குழுக்கள் அதிகாரம் செலுத்தின. பலருடைய தோலில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைப் பச்சை குத்தின. சிலர் விரும்பிக் குத்திக்கொண்டார்கள், பலருக்கு வலுக்கட்டாயமாகக் குத்தினார்கள். அந்தத் தோலோடு எப்படி ஊருக்குப் போவது? போக விரும்பாதவர்களைக் காவல் காத்தது ஜெனரல் தோரட்டின் கீழ் வந்த இந்தியப் படை. நடுநிலை ஆணைக்குழுவுக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. தத்தம் நாட்டு அதிகாரிகள் கூடாரத்தில் உட்கார்ந்து ‘வீட்டுக்கு வா’ என்று விளக்கம் சொன்னபோது, 22,000க்கு மேற்பட்டவர்களில் மனம் மாறித் திரும்பியவர்கள் சில நூறு பேர். இரண்டு பக்கமும் வேண்டாமென்ற 88 பேர் 1954இல் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

இலங்கைக்கு வருவோம். இந்த நாட்டில் அரசியல் பாடத்தின் மாதிரி வடிவம் மக்கள் விடுதலை முன்னணியின் ஐந்து வகுப்புகள். ரோஹண விஜேவீர 1965இல் தொடங்கிய அந்த அமைப்பு, பொருளாதார நெருக்கடி, சுதந்திரம், இந்திய விஸ்தரிப்புவாதம், இடதுசாரி இயக்கத்தின் தோல்வி, இலங்கைப் புரட்சியின் பாதை என்று ஐந்து தலைப்புகளில் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தது. ஒதுக்குப்புறமான வீடுகளிலும் காட்டோரங்களிலும் மணிக்கணக்காக வகுப்பு நடக்கும். ஐந்தையும் முடித்தவன்தான் உள் ஆள். தமிழ் வாசகருக்கு மூன்றாவது வகுப்பு முக்கியம். மலையகத் தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்பின் கையாட்களாகக் காட்டியது அது. நாட்டின் மிக ஒடுக்கப்பட்ட தொழிலாளர் வர்க்கத்தை எதிரியின் பட்டியலில் போட்டுவிட்டுப் பாட்டாளிப் புரட்சி பேசினார்கள். மார்க்சியத்தின் பெயரில் இதைவிடப் பெரிய அபத்தம் இங்கே நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. சில வாரங்களில் கிளர்ச்சி முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், அதைவிட அதிகமானோர் பிடிபட்டார்கள் அல்லது சரணடைந்தார்கள். வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழக வளாகங்களே தடுப்பு முகாம்களாயின. கணநாத் ஒபேசேகர 10,192 சந்தேக நபர்களின் விபரங்களை வைத்து 1974இல் எழுதிய கட்டுரை, இவர்கள் யார் என்பதைத் தெளிவாகக் காட்டியது: இளவயது, கிராமம், சிங்கள மொழிமூலக் கல்வி, படிப்புக்கேற்ற வேலையின்மை. கலேவெல போன்ற ஊர்களின் முகம் அது.

இனி வருவது விசித்திரமானது. ஐந்து வகுப்பில் ஊறியவர்கள் சிறைக்குள் பல திசைகளில் பிரிந்தார்கள். விஜேவீரவுக்கு அடுத்த நிலையில் இருந்த லொக்கு அதுல, குற்றவியல் நீதி ஆணைக்குழு முன்னால் தலைவருக்குப் பாதகமாகச் சாட்சியம் சொன்னார். பின்னாளில் சுதந்திரக் கட்சி அரசியலில் நுழைந்து பாராளுமன்ற உறுப்பினரானார். பொடி அதுல என்ற பெயரில் இயங்கிய விக்டர் ஐவன் ‘ராவய’ பத்திரிகையின் ஆசிரியரானார். இன்னொரு சிறைக்கைதி ஜயதேவ உயன்கொட கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியரானார். விடுதலைக்குப் பின் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லயனல் போபகே, தேசிய இனப் பிரச்சினையில் முரண்பட்டு 1984இல் விலகினார். இந்தக் கடைசி மூவரும் தமிழரின் அரசியல் உரிமை பற்றித் தென்னிலங்கையில் நேர்மையாகப் பேசிய சிறு கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள். மூன்றாவது வகுப்பு அவர்களுக்குள் தங்கவில்லை. அதை வெளியேற்றியது அரசாங்கத்தின் புனர்வாழ்வுப் பாடமும் அல்ல. சிறை அவர்களுக்குப் புத்தகத்தையும் நேரத்தையும் ஒருவரோடொருவர் சண்டைபிடிக்கும் சுதந்திரத்தையும் கொடுத்தது. அதைவிட முக்கியம், 1970களின் இறுதிக்குள் எல்லோரும் வெளியே வந்தார்கள். 1977 நவம்பரில் விஜேவீரவே விடுதலையானார். வெளியே பல்கலைக்கழகமும் பத்திரிகையும் பாராளுமன்றமும் அவர்களை ஏற்றுக்கொண்டன. முன்னாள் கிளர்ச்சிக்காரன் பேராசிரியராகலாம் என்பது தென்னிலங்கையில் சாத்தியமாக இருந்தது. வடக்கில் பிடிபட்ட சாதாரணப் போராளிகளுக்கு அப்படி ஒரு வாசல் பெரும்பாலும் திறந்ததில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கிளர்ச்சியில் அந்த நிதானம் இருக்கவில்லை. 1987–89இல் பிடிபட்டவனைப் பேசவைத்து, முகத்தில் சாக்கை மாட்டி, ஊர்ச் சுற்றிவளைப்பில் உட்காரவைத்தார்கள். ‘கோனிபில்லா’ என்று சிங்களக் கிராமங்கள் நடுங்கியது அவனைக் கண்டுதான். யாழ்ப்பாணத்தில் நாம் தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் எதிரே நிற்பவன் லொறியில் ஏற்றப்படுவான். பக்கம் மாறுதலின் மிக மலிவான வடிவம் இது. இதில் கொள்கையே இல்லை. ஆட்டாவிட்டால் அடுத்த லொறியில் அவனே ஏற்றப்படுவான். தலைவருக்கும் அதுவே நடந்தது. 1989 நவம்பர் 12ஆம் திகதி உலப்பனையில் பிடிபட்ட விஜேவீர, தோழர்களை ஆயுதங்களைக் கீழே போடச் சொல்லும் காணொளியில் தோன்ற வைக்கப்பட்டார். அதை நாடு பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை. மாத்தளை மாவட்டம் அந்த வருடங்களில் பட்டபாடு 2012 நவம்பரில் மீண்டும் வெளியே வந்தது. மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது 150க்கு மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் முரண்பட்டார்கள். பிள்ளைகளைத் தேடிய பெற்றோருக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்போது மறுபக்கம். புலிகளின் கையில் அகப்பட்ட சிங்களப் படையினருக்கு என்ன நடந்தது? பலர் திரும்பவேயில்லை, அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. திரும்பிய ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் ‘சாகரவர்தன’ கப்பலைக் கடற்கரும்புலிகள் மூழ்கடித்தபோது பிடிபட்டவர் அதன் கட்டளை அதிகாரி அஜித் போயகொட. புலிகள் வைத்திருந்த கைதிகளில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் இவரே. எட்டு வருடம் கைதியாக இருந்தார். முதலில் யாழ்ப்பாணம், குடாநாட்டை இராணுவம் பிடித்தபோது வன்னி. அவர் சொல்லச் சொல்ல சுனிலா கலப்பத்தி எழுதிய ‘எ லோங் வொட்ச்’ 2016இல் வெளிவந்தது.

சித்திரவதைக் கதையைத் தேடி அந்த நூலைத் திறப்பவரும் ஏமாறுவார், புலிப் புகழ்ச்சியைத் தேடுபவரும் ஏமாறுவார். காவலுக்கு நிற்கும் பையன்கள், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதம், சமையல், காத்திருப்பு என்றுதான் அது போகிறது. காவலாளிகளை மனிதர்களாகப் பார்க்கிறார். அது பக்கம் மாறுதல் ஆகாது. ஒருவனோடு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் அவனைப் பூதமாக நினைத்துக்கொண்டே இருக்க முடியாது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 2002 செப்டெம்பரில், தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கிய மாதத்தில், கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். அவருக்கு உண்மையான விசாரணை அதற்குப் பிறகுதான். கப்பலைக் காட்டிக்கொடுத்தவர், புலிகளோடு வசதியாக வாழ்ந்தவர் என்ற வதந்திகள் அவருக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தன. கடற்படையில் பழைய இடம் கிடைக்கவில்லை. எட்டு வருடம் எதிரியின் கையில் மாறாமல் இருந்தவரை, மாறியவராகப் பார்த்தது அவருடைய சொந்தப் படை. நல்ல உடம்போடு திரும்பியதே அவர் செய்த குற்றமாகத் தெரிந்தது போலும்.

2009 மே மாதத்துக்குப் பிறகு இதே விடயம் பத்தாயிரம் மடங்காக வந்தது. சரணடைந்த, பிடிபட்ட, முட்கம்பி முகாம்களில் அடையாளம் காணப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளை அரசாங்கம் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ் வைத்தது. 594 பேர் சிறுவர்கள். வழக்கில்லை, தீர்ப்பில்லை, ஒன்று, இரண்டு வருடம் முகாம். பூந்தோட்டம், வெலிகந்தை, கந்தக்காடு, சிறுவர்களுக்கு அம்பேபுஸ்ஸ என்று நிலையங்கள் இருந்தன. தையல், தச்சு, மேசன் வேலை, சிங்களம், யோகா, கிரிக்கெட், சமயப் போதனை என்று நிகழ்ச்சிநிரல். 2010 யூனில் வவுனியாவில் 53 சோடிகளுக்கு ஒரே நாளில் கலியாணம் செய்துவைத்துப் படம் பிடித்தார்கள். அப்படங்கள் உலகம் முழுவதும் போயின.

ஆரி குருக்லான்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு இந்த முகாம்களில் ஆய்வு நடத்தியது. மனிதன் தனக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பதற்காகவே இயக்கத்துக்குப் போகிறான். அந்த மதிப்பு வேறு வழியில் கிடைத்தால் தீவிரம் தணியும் என்பது அவர்களுடைய வாதம். முழுத் திட்டத்துக்கும் உட்பட்டவர்களிடம் வன்முறை ஆதரவு குறைந்ததாக அளவீடுகளும் காட்டின. அளவீட்டில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. முகாமில் இருப்பவனிடம் ‘ஆயுதப் போராட்டம் சரியா’ என்று வினாக்கொத்து கொடுத்தால், எப்போது வெளியே விடுவார்கள் என்று கணக்குப் போடுகிறவன் என்ன எழுதுவான்? கொரியாவில் ஷைன் கண்ட ஒத்துப்போதல் இங்கே இல்லையென்று யார் சொன்னது? ஆனாலும் அவர்களுடைய அடிப்படைக் கருத்து சரி என்றே நினைக்கிறேன். அதை நிரூபித்தது விசுவமடுவில் நடந்த ஒரு பிரியாவிடை.

யுத்தத்துக்குப் பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணைகளும் முன்பள்ளிகளும் நடத்தி, முன்னாள் போராளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த கர்னல் ரத்னப்பிரிய பந்து 2018 யூனில் மாற்றலாகிப் போனபோது மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுது வழியனுப்பினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் நல்லிணக்கம் மலர்ந்துவிட்டதென்று எழுதின. நம்முடைய முகநூல் வீரர்கள், அதுவும் பெரும்பாலும் கடல் கடந்திருப்பவர்கள், ‘விலைபோனவர்கள்’ என்று ஏசினார்கள். இரண்டு கூட்டமும் பார்க்கத் தவறியது ஒன்றுதான். வேலையில்லாத மாவட்டத்தில் மாத முடிவில் தவறாமல் சம்பளம் வந்தது. ‘முன்னாள் புலி’ என்று சொல்லிக் கடைக்காரனும் வேலை தராத ஊரில் ஓர் அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டான், வீட்டுக் கஷ்டத்தை விசாரித்தான். அழுதவர்கள் கொள்கை மாறி அழுததாக எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. அவர்களை அந்தத் திணைக்களத்தின் சீருடைக்குள் தள்ளியதில் இராணுவத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நமக்கும் உண்டு.

சங்கடமான இடம் இதுதான். புனர்வாழ்வு முடித்து வந்தவனைப் புலனாய்வுக்காரன் வீட்டு வாசலில் வந்து விசாரித்தான். எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று கேட்டான். அவன் வந்துபோனதைக் கண்ட அயலவன், ‘இவன் அவங்கட ஆள்’ என்றான். அரசுக்கு அவன் புலி, ஊருக்கு அவன் அரசின் ஆள். பெண் போராளிகளுக்கு இதைவிட மோசம். முகாமில் இருந்து வந்தவள் என்றால் கலியாணப் பேச்சே நின்றுவிடும். 2015இல் முன்னாள் போராளிகள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இடம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இராணுவப் புலனாய்வு பின்னால் இருக்கலாம் என்ற சந்தேகம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஜனநாயகப் போராளிகள் கட்சி என்று தனியே யாழ்ப்பாணத்தில் போட்டியிட்டார்கள். ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. போராளியின் தியாகத்தை மேடைக்கு மேடை விற்ற அரசியல், உயிரோடு திரும்பிய போராளிக்கு நாற்காலி கொடுக்க மறுத்தது. செத்திருந்தால் படத்துக்கு மாலை கிடைத்திருக்கும்.

தென்னிலங்கைக் கைதிக்கும் வடக்குக் கைதிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கலேவெலையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். மூன்றாவது வகுப்பில் இந்தியாவைப் பூதமாகக் காட்டிய கட்சியின் தலைவர், ஜனாதிபதியாக 2024 டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாகப் போனது டெல்லிக்கு. 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அந்தக் கட்சியின் கூட்டணிக்குக் கிடைத்தன. இவ்வளவு தூரம் மாறியதற்காக அதை யாரும் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பவில்லை. மாறுவதற்குத் தேர்தல் என்ற வழி அதற்குத் திறந்திருந்தது. தோற்றவர்கள் மாறலாம், தங்களைத் திருத்திக்கொள்ளலாம், திரும்பி வந்து நாட்டையே ஆளலாம் என்று தெற்கு தன் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அந்த அனுமதியை வன்னிப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டிய நிலையில் இப்போது இருப்பவர், அப்படி மன்னிக்கப்பட்ட கட்சியின் தலைவர்.

அவரால் செய்யக்கூடியவை சில உண்டு. புனர்வாழ்வு முடித்தவர்களை மீண்டும் மீண்டும் விசாரிக்கும் பழக்கத்தை நிறுத்தலாம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தைத் தன் கட்சி வாக்குறுதி கொடுத்தபடி நீக்கலாம். சம்பளத்துக்காகச் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சீருடை போட வேண்டிய நிலையை மாற்றி, அந்தப் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் சிவில் நிர்வாகத்திடம் கொடுக்கலாம். நம்மால் செய்யக்கூடியதற்கு அரசாங்கம் தேவையில்லை. உங்கள் ஊர்க் கோயில் நிர்வாக சபையில், கூட்டுறவுச் சங்கத்தில், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் புனர்வாழ்வு பெற்று வந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் ஒரு பெயரை முன்மொழியுங்கள்.